விளக்கு என்ன நிறம்?

மே 6

அக்கா,

நான்கு நாளாக என் அழைப்பை நீ எடுக்கவில்லை. அத்தானைக் கூப்பிட்டால், "அவ போன்ல பேசமாட்டாளாம். எழுதச் சொன்னா. பேப்பர்ல, பேனாவால" என்றார். அவர் குரலும் விறைப்பாகத்தான் இருந்தது. சரி, எழுதுகிறேன். ஒரு தாளுக்கு எவ்வளவு மரம், எவ்வளவு தண்ணீர் என்று ஆரம்பித்தால் இங்கேயே கிழித்துப் போடுவாய் என்பதால் ஆரம்பிக்கவில்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் இருந்த இரண்டு நாளில் நான் சொன்ன எதுவும் பொய்யில்லை. அத்தான் புதுப் போனை டப்பாவிலிருந்து எடுத்தார். பழையதுக்கு என்ன கேடு என்று கேட்டேன். அவருடைய நண்பர்கள் இருவர் சாப்பாட்டு மேஜையில் இருந்ததைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் கேட்டிருப்பேன், அது வேறு. உள்ளே இருக்கும் துளி உலோகத்துக்காக எங்கோ ஒரு குன்று காணாமல் போகிறது, யார் வீட்டுக் கிணறோ கெடுகிறது, அந்த விலையெல்லாம் பில்லில் வராது என்றேன். சோறு ஆறும்வரை சொன்னேன் என்பது உண்மை. பிறகு வீட்டில் ஒவ்வொரு பிளக்காகக் காட்டி, சாமானில் சின்ன விளக்கு எரிந்தால் அது சும்மா நின்றுகொண்டே கரண்டைத் தின்கிறது, அணையுங்கள் என்றேன். அதுவும் உண்மை. உன் மாமனார் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது, தெரிந்ததுதான்.

நீ வாசல்வரை வந்து, "இனிமே எங்க வீட்டுல வாயைத் திறக்கறதா இருந்தா சாப்பிட மட்டும் திற" என்றாய். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நான் திரும்பப் பெற வேண்டிய வாக்கியம் எது? அதை நீயே எழுது.

சைக்கிள் எப்படி ஓடுகிறது? அதற்காவது பதில் போடு.

தம்பி

மே 12

டேய் மீட்டர்,

என் டம்ளரில் பால் அதிகமா, உன் டம்ளரில் அதிகமா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தவனுக்கு அம்மா சரியாகத்தான் பெயர் வைத்தாள். இன்னும் நீ திருந்தவில்லை.

போனில் ஏன் பேசவில்லை தெரியுமா? நான் மூன்றாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் நீ குறுக்கே பாய்வாய். காகிதத்தில் குறுக்கே பாய முடியாது. இப்போது பார், உனக்கு வாய் அரிக்கிறது, ஆனாலும் நான் எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன். எவ்வளவு சுகம்!

திரும்பப் பெற வேண்டிய வாக்கியம்: "படிச்சவங்க வீடுதானே இது?" அத்தான் அந்தப் போனை நான்கு நாள் அலமாரியில் ஒளித்து வைத்திருந்தார், பாவம்.

சைக்கிளைப் பற்றிக் கேட்டாய். சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் பேச்சை நம்பித்தான் காரை விற்றேன். அந்தச் சின்னக் காரில் உட்கார்ந்து சிக்னல் சிக்னலாகப் பல்லைக் கடித்ததற்கு, முன்னால் பெட்டி வைத்த உன் மின்சார சைக்கிள் எவ்வளவோ மேல் என்று நானே எல்லாரிடமும் பெருமை பேசினேன். பிசியோதெரபிக்கு வேண்டிய எடைப் பைகள், ரப்பர் பட்டை, மடக்கு வாக்கர் எல்லாம் பெட்டிக்குள். கால்வாய் ஓரப் பாதையில் போனால் ஒரு நோயாளி வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் காரை விடச் சீக்கிரம் போய்விடுவேன். ஐந்து மாதம் ராஜாத்தி மாதிரி ஓடியது.

நீ வந்துவிட்டுப் போனாய். அதோடு சரி. போன வியாழக்கிழமை பாலத்தின் நடுவில் மோட்டார் அடங்கிவிட்டது. அத்தனை சுமையையும் மிதித்து ஏற்ற முடியவில்லை, இறங்கித் தள்ளினேன். தையல்காரம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் பயிற்சி நேரமே முடிந்துவிட்டது. பக்கவாதத்தில் வலது கை விழுந்தவர், இப்போதுதான் கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொடுகின்றன. ஜன்னலோரம் உட்கார்ந்து காத்திருந்தார். "வரமாட்டீங்கன்னு நெனச்சேம்மா" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

எங்கள் கிளினிக் மேலாளரம்மா கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வேலையை என்னிடமிருந்து எடுத்து, கார் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுவேன் என்கிறார். எனக்குக் கிளினிக்குள்ளேயே மெஷின் பக்கம் உட்காரும் வேலையாம். அத்தான் ஒரு பழைய காரைப் பார்த்துவிட்டும் வந்துவிட்டார்.

உன் கண்ணே பட்டிருக்கும், போ.

அக்கா

மே 17

அக்கா,

கண் படுவதை அளக்க இதுவரை கருவி வரவில்லை. வந்ததும் சொல்கிறேன்.

தவறு உன் பக்கம்தான். கோபப்படாமல் கேள். முழுசாகச் சார்ஜ் ஆன பேட்டரி உன் ஒரு நாள் சுற்றுக்கு இரண்டு மடங்கு தாங்கும். சந்தேகமே வேண்டாம். அப்படியானால் மிச்சம் இருப்பது இவ்வளவுதான்: டயரில் காற்று இல்லை, அல்லது பிரேக் உரசுகிறது, அல்லது பெட்டியில் தேவையில்லாததையெல்லாம் அடைத்திருக்கிறாய், அல்லது எப்போதும் மேல் வேகத்தில் வைத்து ஓட்டுகிறாய், அல்லது சார்ஜரைச் சரியாகச் செருகவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து எழுது.

இவை எல்லாம் சரியாக இருந்தால் பேட்டரி போய்விட்டது என்று அர்த்தம். புதுசு வாங்கிப் போட்டுவிடு. எங்கள் கம்பெனி செய்வதுதானே, கம்பெனி விலையில் வாங்கித் தருகிறேன். ஒரு வாரத்தில் வந்துவிடும். கார் மட்டும் வாங்காதே.

"படிச்சவங்க வீடுதானே" என்றதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அத்தானிடம் சொல்லிவிடு.

தம்பி

மே 22

மீட்டருக்கு,

டயரில் காற்று இருக்கிறது. பிரேக் உரசவில்லை, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன், என் பெண் வாலு பத்து வரை எண்ணியும் நிற்கவில்லை. (எட்டுக்குப் பிறகு அவளுக்கு நேரே பத்துதான், அதனால் ஒன்பது என்று வைத்துக்கொள்.) பெட்டியில் நோயாளிக்குத் தேவையானதைத் தவிர வேறொன்றும் இல்லை, எது தேவை என்பது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. சார்ஜரை ராத்திரி துணி மெஷின் ஓடி முடிந்ததும், படுக்கப் போகும்போது நான்தான் செருகுகிறேன். செருகிவிட்டு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். காலையில் கிளம்பும்போதும் எரிந்துகொண்டேதான் இருக்கிறது. பிடுங்கியதும் பார்த்தால் சைக்கிள் திரையில் சார்ஜ் கோடுகளும் நிறையத்தான் காட்டும். பாலம் ஏறினால் மளமளவென்று இறங்கிவிடும்.

இன்னொன்று. திங்கட்கிழமை குதிரை மாதிரி ஓடுகிறது. செவ்வாய் பரவாயில்லை. வியாழன், வெள்ளி வந்தால் படுத்துவிடுகிறது. நேற்று வியாழன், பாலம்கூட ஏறவில்லை. நல்லவேளை, அந்த நேரம் தையல்காரம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை இருந்தது, தாமதம் தெரியவில்லை. அதிர்ஷ்டத்தில் தப்பித்தேன்.

இப்போது முக்கியமான விஷயம். "புதுசு வாங்கிப் போட்டுவிடு." இதை எழுதியது நீதானா? அத்தான் போனை மாற்றியதற்குக் குன்று போச்சு, கிணறு போச்சு என்று ஒப்பாரி வைத்தவன்? அந்தப் பேட்டரி உள்ளே என்ன, மல்லிகைப் பூவா வைத்து அடைத்திருக்கிறார்கள்? ஐந்து மாதத்தில் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று என்றால், அதற்கு நான் புகை விட்டுக்கொண்டு காரிலேயே போயிருக்கலாமே? உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். "கம்பெனி விலைக்குக் குன்றும் கிடைக்குமா, கேளு" என்றார். அவர் சிரித்து ரொம்ப நாளாயிற்று. ஏற்கெனவே ஒரு வாரமாக இன்டர்நெட்காரனோடு சண்டை, ராத்திரி இறங்கப் போட்ட படம் காலையில் பாதியிலேயே நிற்கிறதாம்.

மாதக் கடைசிக்குள் அந்தக் காருக்கு ஆமாம் இல்லை என்று சொல்லியாக வேண்டும். எனக்குக் கார் வேண்டாம்டா. ஆனால் அந்த அம்மாவின் விரல்களை வேறொருவர் கையில் கொடுக்கவும் மனசில்லை. கோபத்தில் எழுதவில்லை. என்ன செய்யட்டும், நீயே சொல்.

அக்கா

மே 26

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை பயம் வந்தது.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தப் பேட்டரி ரகத்தைச் சோதித்துப் பார்த்து, தெருவுக்கு அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டவன் நான். உன்னுடையது ஒன்று மட்டும் இல்லை, ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. நீ கேட்டது சரிதான். உள்ளே மல்லிகைப் பூ இல்லை. தோண்டியது, உருக்கியது, தண்ணீரைக் கெடுத்தது எல்லாம் அதற்குள்ளும் இருக்கிறது. பல வருஷம் உழைத்தால்தான் அதைச் செய்ததில் ஒரு நியாயம் இருக்கும். ஐந்து மாதத்தில் படுத்தால், நான் கார்க்காரர்களைப் பார்த்துப் பேசிய பேச்செல்லாம் வெறும் வாய்ச்சவடால். "புதுசு வாங்கு" என்று ஏன் அவ்வளவு அவசரமாக எழுதினேன் என்று யோசித்தேன். பழையதைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

எங்கள் சோதனைப் பிரிவுத் தலைவரிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "உங்க அக்கா பேட்டரியை வரவழைங்க, பிரிச்சுப் பார்ப்போம். அதுவரைக்கும் அடுத்த லாட் பேட்டரி வெளிய போகாது" என்றார். கிடங்கில் பெட்டி பெட்டியாக நிற்கிறது. அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு கேன்டீனுக்குப் போகிறேன்.

ஆனால் இன்று பஸ்ஸில் வரும்போது உன் திங்கட்கிழமைக் குதிரை ஞாபகம் வந்தது. அக்கா, பேட்டரிக்குக் கிழமை தெரியாது. கெட்டுப்போனால் எல்லா நாளும் ஒரே மாதிரிதான் கெட்டிருக்கும். கிழமை தெரிந்தது உன் வீட்டுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உன் வீட்டில் என்ன மாறுகிறது? அன்று சைக்கிள் பகலில் சும்மா நிற்கும்போதும் சார்ஜில் இருக்கும், இல்லையா? அப்படியானால் மற்ற நாட்களில் ராத்திரி அதற்குச் சரியாகக் கிடைக்கவில்லை.

பேட்டரியை அனுப்புவதற்கு முன் ஒன்று செய். இதை முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும். விளக்கு எரிகிறது, எரிகிறது என்று எழுதினாய். நானும் படித்துவிட்டுத் தாண்டிப் போனேன். என்ன நிறம்? சார்ஜ் ஏறும்போது சிவப்பு, முடிந்தால் பச்சை. நீ காலையில் கிளம்பும்போது பச்சையாகத்தான் இருக்க வேண்டும்.

நாளை எல்லாருக்கும் முன்னால் எழுந்திரு. நேரே போய்ச் சார்ஜரைத் தொட்டுப் பார். பச்சை விளக்கோடு ஆறிப்போயிருந்தால் பேட்டரிதான் குற்றவாளி, நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்கிறேன். வேறு எப்படி இருந்தாலும் உடனே எழுது.

இந்தத் தடவை உன் மேல் தப்பு என்று நான் சொல்லவில்லை. கவனி.

தம்பி

மே 31

தம்பி,

முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் குடி. பேட்டரிக்கு ஒன்றும் இல்லை.

நீ சொன்னபடி எழுந்தேன். வீடே இருட்டு. சுவரைத் தடவிக்கொண்டு சார்ஜர் பக்கம் போனேன். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. விளக்கே எரியவில்லை. தொட்டால் சில்லென்று இருந்தது. சரி, சார்ஜர்தான் செத்துவிட்டது என்று நினைத்துக் குனிந்தேன். எனக்குப் பின்னால் ஒரு கை நீண்டு வந்து சுவிட்சைத் தட்டியது.

நான் போட்ட அலறலில் வாலு எழுந்துவிட்டாள்.

என் மாமனார்! கழுத்தில் மஃப்ளர், கையில் டார்ச். சார்ஜர் பளிச்சென்று சிவப்பாக எரிகிறது, அவர் முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"என்ன மாமா பண்றீங்க?" என்றேன்.

"சுவிட்ச் போடறேன்."

"யாரு அணைச்சது?"

"நான்தான். தினமும் நான்தானே அணைக்கிறேன்."

முப்பது வருஷம் சரக்குக் கிடங்குப் பொறுப்பாளராக இருந்தவர் இல்லையா, எல்லாரும் படுத்தபிறகு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். முன்னெல்லாம் கதவும் கேஸும்தான் பார்ப்பார். நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து விளக்கு எரிகிற ஒவ்வொன்றாக அணைக்கிறாராம். டிவி, அடுப்படி மெஷின், இன்டர்நெட் பெட்டி, உன் சார்ஜர். விடிவதற்குள் எழுந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டு வைத்துவிடுவாராம், வெளியே கிளம்புகிறவளுக்கு வேண்டுமே என்று. அதாவது ராத்திரி முழுக்க ஏற வேண்டியது, நான் குளித்துக் கிளம்புகிற நேரத்தில் மட்டும் ஏறியிருக்கிறது.

"யாரு மாமா உங்களை அணைக்கச் சொன்னது?"

"உன் தம்பிதான். சும்மா எரியற விளக்கு ஒவ்வொண்ணும் நின்னுக்கிட்டே திங்குதுன்னு சொன்னானே. நல்லா வெவரமாத்தான் சொன்னான்."

"நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்களே!"

"காதாலயா படிச்சேன்?"

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லல?"

டார்ச்சை அணைத்தார். "நீங்கல்லாம் அவன்மேல கோவமா இருந்தீங்க. நான் அவன் சொன்னதைச் செய்யறேன்னு தெரிஞ்சா, நீங்க யார் பக்கம்னு என் பையன் கேப்பான். எதுக்கு வம்பு?"

நான் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன்டா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தான் தூக்கக் கலக்கத்தில் வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்றார். இன்டர்நெட் பெட்டி விஷயத்தைச் சொன்னதும் அப்படியே நின்றுவிட்டார். அந்தக் கம்பெனிக்காரனை என்னவெல்லாம் திட்டியிருக்கிறார், பாவம்.

அன்று ராத்திரி மாமாவைச் சார்ஜரைத் தொடவிடவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, வழக்கமாகப் படுத்துவிடும் வெள்ளி. காலையில் பச்சை. பாலத்தில் ஏறினேன். காற்று முகத்தில் அடித்தது, மோட்டார் ஒரு முனகல்கூட முனகவில்லை. வழக்கமாகப் படுத்துவிடும் வெள்ளி. சனிக்கிழமையும் பாலத்தை ஒரே மூச்சில் தாண்டினேன். அத்தானிடம் காருக்கு இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டார்.

உன் தலைவரிடம் உடனே போய்ச் சொல். இதைப் படித்து முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, போ.

அக்கா

ஜூன் 4

அக்கா,

போனேன். கடிதத்தைக் கையில் பிடித்தபடியே போனேன். தலைவர் கூட்டத்தில் இருந்தார், கதவைத் தட்டாமல் நுழைந்துவிட்டேன்.

"பேட்டரி நல்லா இருக்கு சார்."

"அப்ப பழுது எங்க?"

"என் வாயில சார்."

கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் முழுக் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். லாட்டைச் சும்மா விடவில்லை, சந்தேகத்துக்கு இரண்டு பெட்டியைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. மாலையில் லாரி கிளம்பியது. நான் வாசலில் நின்று அது தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குழாயடிக்குப் போய் நன்றாக முகம் கழுவினேன். வேர்வைதான்.

கோடுகள் உன்னை ஏமாற்றியதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்குத் தலை வெடித்துவிடும். சார்ஜரிலிருந்து பிடுங்கிய கையோடு பார்த்தால் அந்தக் கோடுகள் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். ஏற்றத்தில்தான் உண்மையைச் சொல்லும். இதைக் கையேட்டில் எழுத வேண்டும். சிவப்பு, பச்சையைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். நாளையே எழுதப்போகிறேன்.

பெரியவரிடம் இதைச் சொல்: சும்மா நிற்பது எது, வேலை செய்துகொண்டிருப்பது எது என்று நான் பிரித்துச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே குரலில் கத்திவிட்டுப் போனேன். அவர் செய்தது தப்பே இல்லை. என் பேச்சைக் கேட்டு ஒருவர் ஒரு காரியம் செய்தார் என்றால், என் வாழ்நாளில் அது அவர்தான். நான் அவருக்கு என்னைப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் போன் நன்றாகப் படம் எடுக்கிறதாமே. வாலுவை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல். வாங்கியது வாங்கியாயிற்று, ஏழெட்டு வருஷம் வைத்திருக்கச் சொல். இல்லை, இதைச் சொல்லாதே. படம் மட்டும் கேள்.

தம்பி

ஜூன் 9

மீட்டர்,

"ஏழெட்டு வருஷம்" என்பதையும் சேர்த்தே படித்துக் காட்டிவிட்டேன். அத்தான், "அவன் மாறலைன்னு தெரிஞ்சதும்தான் நிம்மதியா இருக்கு" என்கிறார். படம் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. வாலுவுக்குப் பின்னால் டார்ச்சோடு நிற்பவர் யார் என்று தெரிகிறதா? கேமராவைப் பார்த்துச் சிரிக்கமாட்டார், ஆனால் படம் எடுக்கப்போகிறோம் என்றதும் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

சார்ஜர் இப்போது அவர் பொறுப்பு. சிவப்பாக இருக்கும்வரை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காராத குறை. பச்சையானதும் அணைத்துவிட்டுத்தான் படுக்கிறார். காலையில் நான் சமையலறைக்குள் வந்தால் வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லை, "பச்சை" என்கிறார். நான் "சரி மாமா" என்கிறேன். அதோடு எங்கள் பேச்சு முடிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒழுங்காகத் தினமும் பேசிக்கொள்வது இப்போதுதான்.

மேலாளரம்மா என் சுற்றை என்னிடமே விட்டுவிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு வீடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார், ரொம்பத்தான் நம்பிக்கை வந்துவிட்டது. தையல்காரம்மா முந்தாநாள் ஒரு பட்டனைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துத் தூக்கினார். தூக்கிக்கொண்டு, கீழே போடப் பயந்து, அப்படியே என்னைப் பார்த்தார். "போடுங்கம்மா, மறுபடியும் எடுக்கலாம்" என்றேன். போட்டார். எடுத்தார். நான் நேரத்துக்குப் போயிருந்தேன் அல்லவா, அதைப் பார்த்தது நான்தான்.

காகிதம் தீர்ந்துவிட்டது. இனி வாங்கமாட்டேன், அதற்கும் மரம், தண்ணீர் என்று நீ ஆரம்பிப்பாய். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, எடுக்கிறேன். மூன்றாவது வாக்கியம்வரை பொறுத்துக்கொள். அதற்குப் பிறகு குறுக்கே பேசலாம்.

அக்கா